துயிலும் குழந்தையும் விழித்த கண்ணும்

நுழையும்முன்

ஊட்டச்சத்து, தடுப்பூசி, முன்பருவக் கல்வி ஆகியவை குழந்தைகள் நலத்தில் அடிக்கடி பேசப்படுபவை. அதிகம் பேசப்படாத ஒன்று பகலுறக்கம். தாயும் தந்தையும் வேலைக்குச் சென்றபின், வேறொருவர் பொறுப்பில் குழந்தை கண்ணயரும் அந்த ஓரிரு மணி நேரத்தைப் பற்றியது இப்பாடம்.

தாலும் செங்கீரையும்

குழந்தையின் உறக்கத்தைத் தமிழ் ஒருபோதும் சிறிய செய்தியாகக் கருதியதில்லை. தால் என்னும் சொல் நாவைக் குறிக்கும். நாவை அசைத்துப் பாடி உறங்கவைப்பதால் தாலாட்டு என்னும் பெயர் அமைந்தது. கண்ணனைக் குழந்தையாகக் கண்டு தொட்டிலிலிட்டுப் பாடினார் பெரியாழ்வார். பிற்காலத்தில் எழுந்த பிள்ளைத்தமிழ் இலக்கியம் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பகுத்தபோது, தாலப் பருவத்திற்கு மூன்றாம் இடத்தை அளித்தது. அதற்கு முந்தையது செங்கீரைப் பருவம். ஏறத்தாழ ஐந்தாம் திங்களில், கவிழ்ந்த குழந்தை கைகளை நிலத்தில் ஊன்றி, ஒரு காலை மடக்கி மறுகாலை நீட்டி, தலையை நிமிர்த்தி அசைந்தாடும் காட்சியைப் பாடுவது அப்பருவம்.

புலவர்கள் அழகு கருதிப் பாடிய இக்காட்சியில் உடலியல் உண்மை ஒன்றும் அடங்கியிருக்கிறது. தலையை நிமிர்த்தும் அந்த வலிமை வருவதற்கு முன்பு, குப்புறக் கிடக்கும் குழந்தை தன் மூக்கையும் வாயையும் துணியிலிருந்து விடுவித்துக்கொள்வது எளிதன்று. மூச்சு முட்டினால் பெரியவர்கள் விழித்துப் புரண்டு படுப்பார்கள். சின்னஞ்சிறு குழந்தைக்கு அந்த விழிப்புணர்வு முழுமையாக அமைந்திருப்பதில்லை. உறங்கும் குழந்தைக்காக இன்னொருவர் விழித்திருக்க வேண்டிய தேவை இங்கேதான் பிறக்கிறது.

கடல்மல்லையின் கற்களிலும் இந்தக் காவலைக் காணலாம். கிருஷ்ண மண்டபத்தின் புடைப்புச் சிற்பத்தில் பால் கறக்கப்படும் பசு, தன் கன்றை நக்கியபடி நிற்கிறது. அதே பாறையில் தோளில் குழந்தையைச் சுமந்த ஓர் ஆயனும் உண்டு. பல்லவர்க்கு விருப்பமான சோமாஸ்கந்த வடிவத்தில் குழந்தை முருகன் அன்னைக்கு அருகிலேயே இருக்கிறான். ஊரின் நடுவே உள்ள தலசயனப் பெருமாள் கோயிலில் இறைவனே பாம்பணையின்றித் தரையில் பள்ளிகொண்டிருப்பதாகப் போற்றுவர். சமதளமான தரையே பச்சிளங்குழந்தைக்கு நல்ல படுக்கை என்று இன்றைய மருத்துவம் சொல்வதற்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆயினும் அவ்வூர்ப் பாட்டிமார் இரண்டையும் சேர்த்துச் சொன்னால் மறுக்கத் தோன்றாது.

இச்சிற்பங்களைக் காண நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் வருகின்றனர். அவர்களுக்குச் சங்கும் பாசிமணியும் விற்கும் பெண்கள் தம் குழந்தைகளை எங்கே உறங்கவைத்துவிட்டு வந்தார்கள் என்பதை எவரும் கேட்பதில்லை.

வேலைக்குப் போகும் தாய்

செங்கல்பட்டு மாவட்டம் 2019 நவம்பர் 29 அன்று காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து உருவானது. கிழக்கே கடல், உள்ளே ஏரிகளும் நெல்வயல்களும், வடக்கே சென்னையோடு கலந்துவிட்ட தாம்பரமும் தொழில்நகரங்களும். இவை ஒவ்வொன்றும் பெண்ணின் உழைப்பை ஒவ்வொரு வகையில் கேட்கின்றன. கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரையுள்ள மீனவர் ஊர்களில் படகு கரையேறும் விடியற்பொழுதிலேயே ஏலம் தொடங்கிவிடும். மீனை எடுத்த பெண்கள் அன்னக்கூடையுடன் திருப்போரூருக்கும் திருக்கழுக்குன்றத்திற்கும் பேருந்து ஏறுவர்; மீன் விற்றுத் தீர்ந்த பிறகே வீடு திரும்புவர். செங்கல் சூளையில் குடும்பமே வேலை செய்யும். பழைய மாமல்லபுரம் சாலையில் எழும் அடுக்குமாடிகளில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் உழைக்கின்றனர். அந்தக் கட்டடங்களுக்குள் கணினியின் முன் அமரும் பெண்ணுக்கும் வீட்டில் ஒரு குழந்தை இருக்கக்கூடும்.

தாய் வெளியே சென்றபின் குழந்தையைப் பார்ப்பவர் யார்? பாட்டி இருந்தால் பாட்டி. இல்லையென்றால் அக்காள். தம்பி உறங்கும்வரை தூளியை ஆட்டி, உறங்கியபின் ஈ விரட்டி, அவன் விழித்து அழும்போது கஞ்சி ஊட்டி முடிக்கையில் பள்ளியில் பிற்பகல் மணியும் அடித்துவிடும். பதினோராம் வகுப்பு வரை வந்துவிட்ட மாணவியருள் சிலர் இந்நிலையைக் கடந்து வந்தவர்களாகவே இருப்பர். இடையில் நின்றுவிட்ட தோழியரின் பெயர்களும் அவர்களுக்குத் தெரியும். குழந்தைகள் காப்பகம் என்பது தாய்க்கும் சேய்க்கும் மட்டும் உரியதன்று. அந்த அக்காளின் புத்தகப் பைக்கும் அதில் பங்குண்டு.

பார்த்துக்கொள்ள எவரும் இல்லாதபோது என்ன நேரும் என்பதற்கு இந்தியத் தொழிலாளர் வரலாற்றிலேயே கசப்பான சான்று இருக்கிறது. ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பு பம்பாய்ப் பஞ்சாலைகளில் வேலை செய்த தாய்மார் பலர், தாம் திரும்பும்வரை குழந்தை அழாமல் கிடக்க வேண்டுமென்று சிறு அபின் உருண்டையைக் கொடுத்துவிட்டுச் சென்றனர். அவர்களைக் கொடியவர் என்று சொல்ல இயலாது. அவர்களுக்கு வேறு வழி விடப்படவில்லை. 1929இல் அமைக்கப்பட்டு 1931இல் அறிக்கை அளித்த தொழிலாளர் அரச ஆணையம், பெண்கள் மிகுதியாக வேலை செய்யும் ஆலைகளில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் எனப் பரிந்துரைத்தது. அபின் இன்று மறைந்துவிட்டது. ஆனால் இருமல் மருந்தைக் கொடுத்துக் குழந்தையை உறங்கவைக்கும் பழக்கம் அதன் மிச்சமாக அங்கங்கே தொடர்கிறது. மருந்தால் மயங்கிக் கிடக்கும் குழந்தையை உறங்கும் குழந்தையாக எண்ணுவது பேரிடரில் முடியக்கூடும். மயக்கம் மூச்சையும் தளர்த்தும்.

விடுதலைக்குப் பின் சட்டங்கள் வந்தன. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான அறை வேண்டும் என்றது. அதனையொட்டி வகுக்கப்பட்ட விதிகள், சிறு குழந்தை ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தொட்டிலோ கட்டிலோ வேண்டுமென்று குறிப்பிட்டன. தொட்டிலைப் பற்றியும் எழுதிய அந்தச் சட்ட விதியை எழுதியவர் யாராயினும் அவர் குழந்தை வளர்த்தவராகத்தான் இருந்திருக்க வேண்டும். கட்டடத் தொழிலாளர்க்கான 1996ஆம் ஆண்டுச் சட்டத்திலும் காப்பக அறை இடம்பெற்றது. நூறு நாள் வேலைக்கு வழிவகுத்த 2005ஆம் ஆண்டின் சட்டம், ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட சிறு குழந்தைகள் வேலையிடத்திற்கு வந்தால், அங்குள்ள பெண்களுள் ஒருவரை அவர்களைக் கவனிக்க அமர்த்தி அவருக்கும் கூலி தர வேண்டும் என்றது. ஏரி தூர்வாரும் இடத்தில், கரையோர மரக்கிளையில் கட்டிய தூளிகளைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருப்பதும் மண் சுமப்பதற்கு நிகரான வேலையே என்பதைச் சட்டம் ஏற்றுக்கொண்டது. ஏட்டில் உள்ளது எல்லா ஏரிக்கரையிலும் நடந்தது என்று சொல்வதற்கில்லை.

சட்டத்திற்குக் காத்திராமல் தொடங்கப்பட்ட முயற்சிகளும் உண்டு. 1969இல் தில்லியில், காந்தியடிகள் நூற்றாண்டுக்கான கட்டுமானப் பணி நடந்த இடத்தில், தொழிலாளரின் குழந்தைகள் புழுதியில் கிடப்பதைக் கண்ட மீரா மகாதேவன் அங்கேயே ஒரு காப்பகத்தைத் தொடங்கினார். கட்டட வேலை இடம் மாறும்போது காப்பகமும் உடன் மாறும். அதுவே ‘மொபைல் கிரீச்சஸ்’ என்னும் அமைப்பாக வளர்ந்தது. பின்னாளில் சென்னையிலிருந்து பணியாற்றிய மீனா சுவாமிநாதன் தலைமையிலான குழு, பள்ளி செல்லா வயதுக் குழந்தைகளைப் பற்றி 1972இல் அளித்த அறிக்கையின் தொடர்ச்சியாக, 1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சிப் பணிகள் திட்டம் நாடு முழுவதும் 33 வட்டாரங்களில் தொடங்கியது. முற்றம் என்னும் பொருள்தரும் வடசொல்லிலிருந்து வந்ததே அங்கன்வாடி என்னும் பெயர். தமிழ்நாட்டு ஊர்களில் இன்றும் அது பால்வாடிதான். 1982 ஜூலை 1 அன்று தொடங்கிய சத்துணவுத் திட்டம் அந்தப் பால்வாடிக்கு அடுப்பையும் பகலுணவையும் கொண்டுவந்தது. வயிறு நிறைந்தால் கண் சொக்கும். ஆகவே சத்துணவோடு பகலுறக்கமும் வந்து சேர்ந்தது எனலாம்.

பகலுணவுக்குப் பின்

கடற்கரையை ஒட்டிய ஓர் அங்கன்வாடியின் நண்பகலை எண்ணிப் பார்க்கலாம். தட்டுகள் கழுவி அடுக்கப்பட்டுவிட்டன. உதவியாளர் தரையைக் கூட்டித் துடைக்கிறார். சோற்றுப்பருக்கை கிடந்தால் எறும்பு வரும், எறும்பைத் தேடிப் பல்லி வரும். பாய்கள் விரிக்கப்படுகின்றன. பாயை விரிக்குமுன் உதறுவது ஊர்ப்பழக்கம். பூரானும் தேளும் உலவும் பகுதியில் அது உயிர்காக்கும் பழக்கமும்கூட. குழந்தைகளைப் படுக்கவைப்பதில் ஒரு முறை உண்டு. ஒரு குழந்தையின் தலை இருக்கும் பக்கத்தில் அடுத்த குழந்தையின் கால் இருக்குமாறு மாற்றி மாற்றிப் படுக்கவைத்தால் ஒருவர் இருமல் இன்னொருவர் முகத்தில் படாது. நடுவே பெரியவர் கால்வைத்து நடக்க இடம் விட வேண்டும். வாசலை மறித்து எவரும் படுக்கக் கூடாது.

சமையலறைக்கும் உறங்கும் இடத்திற்கும் இடையே உள்ள தொலைவும் முதன்மையானது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பகலுணவு சமைத்த இடத்தில் எழுந்த தீ, கூரைக்குப் பரவி 94 குழந்தைகளின் உயிரைப் பறித்தது. விழித்திருந்த குழந்தைகளாலேயே வெளியேற முடியாமற்போன நிலையில், உறங்கும் குழந்தைகளின் நிலையை விளக்க வேண்டியதில்லை. அடுப்பை அணைத்து எரிவாயு உருளையின் திறப்பை மூடிய பின்னரே பாய் விரிப்பது, அந்த நாளிலிருந்து தமிழ்நாடு கற்றிருக்க வேண்டிய ஒழுங்கு.

பகலுறக்கம் எவ்வளவு நேரம் வேண்டும்? உலக நலவாழ்வு நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி ஒன்று, இரண்டு வயதுக் குழந்தைகளுக்கு ஒரு நாளில் 11 முதல் 14 மணி நேரமும், மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளுக்கு 10 முதல் 13 மணி நேரமும் பகலுறக்கத்தையும் சேர்த்து நல்லுறக்கம் தேவை. மீன் ஏலத்திற்காகத் தாய் மூன்று மணிக்கு எழும் வீட்டில் குழந்தையும் பாதி உறக்கத்தில் எழுந்துவிடுகிறது. இரவில் விட்டதைப் பகலில் பிடிக்கும் அக்குழந்தைக்கு அங்கன்வாடியின் பாய்தான் உண்மையான படுக்கை. ஆழ்ந்த உறக்கத்தில் வளர்ச்சி இயக்குநீர் சுரக்கிறது. முன்பருவக் குழந்தைகளை ஆராய்ந்தவர்கள், பகலில் உறங்கியவர்கள் காலையில் கற்றதை உறங்காதவர்களைவிட நன்றாக நினைவில் வைத்திருப்பதையும் கண்டுள்ளனர். உறங்கும் நேரத்தைப் பாடம் நடக்காத வீண் நேரம் என்று கருதும் பெற்றோர்க்கு இது விடையாகும்.

எல்லாக் குழந்தையும் உறங்கிவிடாது. நான்கு வயதைத் தாண்டிய சில குழந்தைகளுக்குப் பகலுறக்கமே வராது. அவர்களைக் கண்ணை மூடும்படி அதட்டுவதும், பூச்சாண்டி வருவான் என்று அச்சுறுத்துவதும், கதவைத் தாழிடுவதும் பல இடங்களில் நடக்கும் தவறுகள். அச்சத்தோடு மூடிய கண் உறங்குவதில்லை. மறுநாள் அங்கன்வாடி வாசலிலேயே அந்தக் குழந்தை அழத் தொடங்கும். படுத்துக்கொண்டே பார்க்க ஒரு படப்புத்தகத்தைக் கொடுத்தால் போதும். ஓய்வு என்பது உறக்கம் மட்டுமன்று. தாயின் பழைய சேலைத் துண்டு இல்லாமல் உறங்காத குழந்தையும் உண்டு, காலைத் தட்டிக்கொடுத்தால்தான் உறங்கும் குழந்தையும் உண்டு. ஒடியா பேசும் குழந்தைக்குத் தமிழ்த் தாலாட்டின் சொல் விளங்காது, இசை விளங்கும்.

ஒரு பழைய அறிவுரையின் விலை

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மேலைநாடுகளில் ஒரு கருத்துப் பரவியது. மல்லாந்து படுக்கும் குழந்தை பாலைக் கக்கினால் அது மூச்சுக்குழாயில் புகுந்துவிடும். ஆகவே குப்புறப் படுக்கவைப்பதே நல்லது என்பது அக்கருத்து. கேட்பதற்குப் பொருத்தமாகவே இருந்தது. உலகெங்கும் பெற்றோர் விரும்பிப் படித்த பெஞ்சமின் ஸ்பாக்கின் குழந்தை வளர்ப்பு நூலும் 1950களின் பதிப்புகளில் அதையே பரிந்துரைத்தது. மருத்துவமனைகள் பின்பற்றின, தாய்மார் பின்பற்றினர். நலமாக இருந்த குழந்தைகள் உறக்கத்திலேயே காரணமின்றி இறப்பது பெருகியது. காரணத்தைப் பல இடங்களில் தேடினார்கள். படுக்கவைத்த விதத்தை நீண்ட காலம் எவரும் போதிய அளவில் ஐயுறவில்லை.

1980களின் இறுதியில் நெதர்லாந்து, நியூசிலாந்து, இங்கிலாந்து முதலிய நாடுகளின் ஆய்வுகள் குப்புறப் படுக்கையைச் சுட்டிக்காட்டின. 1991இல் நியூசிலாந்திலும் இங்கிலாந்திலும், 1994இல் அமெரிக்காவிலும் குழந்தையை மல்லாத்திப் படுக்கவைக்கும்படி பெரும் பரப்புரை தொடங்கியது. சில ஆண்டுகளிலேயே அத்தகைய இறப்புகள் பாதிக்கும் மேல் குறைந்தன. புதிய மருந்தோ கருவியோ தேவைப்படவில்லை. குழந்தையைத் திருப்பிப் படுக்கவைத்ததே போதுமானதாக இருந்தது. 1970ஆம் ஆண்டளவிலேயே கிடைத்திருந்த சான்றுகளை முறையாகத் தொகுத்துப் பார்த்திருந்தால் ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய பகுதிகளில் குறைந்தது ஐம்பதாயிரம் குழந்தைகளேனும் பிழைத்திருக்கக்கூடும் என 2005இல் வெளிவந்த ஆய்வு ஒன்று கணக்கிட்டது. பால் கக்கினாலும் மல்லாந்து படுத்த நலமான குழந்தை அதை விழுங்கவோ இருமித் தள்ளவோ செய்யும் என்பதும் தெளிவாயிற்று.

காப்பகங்களுக்கு இவ்வரலாற்றில் தனிச்செய்தி உண்டு. 2000ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, இவ்வாறு இறந்த குழந்தைகளுள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் காப்பகத்திலோ பிறர் பராமரிப்பிலோ இருந்தபோது இறந்ததைக் கண்டறிந்தது. அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினர்க்கு அது காப்பகத்தில் முதல் வாரம். வீட்டில் மல்லாந்து உறங்கிப் பழகிய குழந்தையைப் புதியவர் ஒருவர் அறியாமல் குப்புறப் படுக்கவைப்பது பேரிடர் என்பதை அது உணர்த்தியது. காப்பகத்தில் சேர்க்கும் நாளில் பணியாளர் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதிலிருந்து கிடைக்கிறது: குழந்தை வீட்டில் எப்படி உறங்கும்?

தமிழ்நாட்டு வீடுகளில் பச்சிளங்குழந்தையை மல்லாத்திக் கிடத்துவதே பெருவழக்கு. அவ்வகையில் பாட்டிமார் மேலைநாட்டு நூல்களைப் படிக்காதது நன்றாயிற்று. ஆயினும் இங்கும் கைவிடத்தக்கவை சில உண்டு. தலை உருண்டையாக அமைய வேண்டுமென வைக்கும் கடுகுத் தலையணை, முகத்தை மூடும் மெல்லிய துணி, கழுத்தில் கட்டும் கறுப்புக் கயிறு, மூடிய அறையில் சாம்பிராணிப் புகை, அதே அறையில் இரவெல்லாம் கனலும் கொசுவத்திச் சுருள் ஆகியவை அன்பினால் செய்யப்படுபவையே. ஓராண்டு நிரம்பாத குழந்தைக்குத் தலையணை தேவையில்லை. கொசுவைத் தடுக்க வலை போதும். கயிறு வேண்டுமென்று பாட்டி வற்புறுத்தினால் இடுப்பில் கட்டிக்கொள்ளலாம், கழுத்து வேண்டாம்.

தூளி

தூளியைக் குறைசொல்லத் தமிழர் எவர்க்கும் மனம் வராது. தாயின் சேலையில் தாயின் மணம் இருக்கும். கருப்பையின் வளைவும் அசைவும் அதில் உண்டு. மண்தரையில் ஊர்வன உலவும் இடத்தில் குழந்தையை உயரத்தில் வைத்துக் காத்ததும் அதுதான். மரமோ விட்டமோ கிடைத்தால் காசின்றி அமையும் தொட்டில் அது. கட்டட வேலையிடத்தில் சாரக்கம்புகளுக்கிடையே தொங்கும் தூளியைக் காண்போர், அத்தாய்க்கு அதைவிடச் சிறந்த இடம் தரப்படவில்லை என்பதையும் சேர்த்துக் காண வேண்டும்.

ஆனாலும் தூளியில் கவனிக்க வேண்டியவை உண்டு. துணி ஆழமாகக் குழிந்தால், கழுத்து உறுதிப்படாத குழந்தையின் தாடை மார்பில் படிந்து மூச்சுவழி ஒடுங்கும். குறுக்குக் கட்டை வைத்து வாயை விரித்துக் கட்டினால் காற்றும் புகும். குழந்தையின் முகமும் வெளியிலிருந்து தெரியும். துருப்பிடித்த கொக்கியும் இற்றுப்போன சேலையும் எடை தாங்கா. தரையிலிருந்து மிக உயரத்தில் கட்டினால் விழும்போது அடி பலமாகும். குழந்தை புரளவும் எழுந்து உட்காரவும் தொடங்கிவிட்டால் தூளியின் காலம் முடிந்தது எனலாம்.

தூளியால் பெரிய பிள்ளைகளுக்கும் ஆபத்து உண்டு என்பது பலர் அறியாதது. தம்பி எழுந்தபின் வெறுந்தூளியில் ஏறி அமர்ந்து முறுக்கிச் சுழன்று விளையாடும் சிறுவர் சிறுமியரின் கழுத்தில் சேலை இறுகி உயிர் போன செய்திகள் நாளிதழ்களில் அவ்வப்போது வருகின்றன. பெற்றோர் வீட்டில் இல்லாத நேரத்தில்தான் பெரும்பாலும் இது நிகழ்கிறது. குழந்தையை எடுத்தவுடன் தூளியை அவிழ்த்து மடித்து வைப்பதற்கோ, எட்டாத உயரத்தில் சுருட்டிக் கட்டுவதற்கோ அரை நிமிடமும் ஆகாது.

விழித்திருப்பவர்

அலுவலகத் தொழிற்பூங்காக்களில் காப்பகம் நடத்துவோர் கண்ணாடிச் சுவரும் கண்காணிப்புக் கேமராவும் வைத்திருக்கின்றனர். தாய் தன் கைப்பேசியில் குழந்தை உறங்குவதைப் பார்க்கலாம். பார்க்கலாமே தவிர, முகத்தில் விழுந்த துணியை அவரால் விலக்க முடியாது. கேமரா எத்தனை இருந்தாலும் அறைக்குள் ஒருவர் விழித்திருக்க வேண்டும். பத்து நிமிடத்திற்கு ஒருமுறையேனும் எழுந்து நடந்து, மார்பு ஏறி இறங்குகிறதா, உதட்டின் நிறம் மாறியிருக்கிறதா, உடல் சுடுகிறதா என்று பார்க்க வேண்டும். உறக்கத்திற்காக அறையை முற்றிலும் இருட்டாக்கினால் இவற்றைக் காண இயலாது. ஒரு சன்னலேனும் திறந்திருக்க வேண்டும். கல்நார்த் தகடு வேய்ந்த கட்டடத்தில் சித்திரை வெயில் இறங்கும்போது மின்விசிறி நின்றுவிட்டால், குழந்தைகளை நிழலான தாழ்வாரத்திற்கு மாற்றுவது எழுப்பிவிடுவதைவிட மேல்.

தேசியக் குழந்தைகள் காப்பகத் திட்டம் 25 குழந்தைகளுக்கு ஒரு பணியாளரையும் ஓர் உதவியாளரையும் வைத்தது. அத்திட்டத்தின் பணிப்பட்டியலில் முதலில் நிற்பது, உறங்கும் வசதியுடன் கூடிய பகல்நேரப் பராமரிப்பு. 2022இல் அது ‘பால்னா’ என்னும் புதுப்பெயரைப் பெற்றது. அந்த இந்திச் சொல்லுக்குத் தொட்டில் என்று பொருள். பெயரில் தொட்டில் வந்துவிட்டது. கடலோர ஊர்களுக்குத் தொட்டில் வந்து சேர்ந்தாக வேண்டிய தேவை இன்னும் இருக்கிறது. தமிழ்நாட்டு அங்கன்வாடியில் குழந்தை நாள்முழுதும் அமர்வது இரண்டு வயதுக்குப் பிறகுதான். அமைப்புசார்ந்த வேலையில் உள்ள பெண்ணுக்கு 2017ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் 26 வார மகப்பேற்று விடுப்பை அளித்தது. மீன் விற்கும் பெண்ணுக்கு விடுப்புத் தர முதலாளி எவருமில்லை. ஆறாம் திங்களிலிருந்து இரண்டு வயது வரை அவருடைய குழந்தை எங்கே உறங்கும் என்பதற்கு எந்தத் திட்டத்திலும் நிறைவான விடை இல்லை. உறக்கத்தில் காவல் தேவைப்படும் வயதுதான் அதுவும்.

இரண்டு பேர் உள்ள அங்கன்வாடியில் பகலுறக்க நேரம் பணியாளரின் ஓய்வு நேரம் என்று வெளியிலிருந்து பார்ப்போர் எண்ணுகின்றனர். குழந்தைகள் உறங்கும்போதுதான் அவர் பதிவேடுகளை எழுதுகிறார். எடை விவரங்களைக் கைப்பேசிச் செயலியில் ஏற்றுகிறார். வட்டாரக் கூட்டத்திற்கு அழைப்பு வந்தால் உதவியாளரிடம் ஒப்படைத்துவிட்டுச் செல்கிறார். அப்போது இருபது குழந்தைகளுக்கு இரண்டு கண்களே மிஞ்சுகின்றன. அந்த நேரத்தில் தண்ணீர் வண்டி வந்தால் உதவியாளர் குடத்தோடு வெளியே போவதா, அறைக்குள் இருப்பதா? உறங்கும் குழந்தைகளைக் காக்கும் அந்த ஒரு மணி நேரத்திற்குள் வேறு வேலை எதையும் திணிக்காதிருப்பது, அவர்களுக்கு மேலே உள்ள அதிகாரிகள் எளிதில் செய்யக்கூடிய சீர்திருத்தம். அதற்குத் தனியே நிதி ஒதுக்கத் தேவையில்லை.

மூன்று மணியளவில் குழந்தைகள் ஒவ்வொருவராக விழிக்கின்றனர். முகம் கழுவித் துடைத்துவிட்டு, படுக்கவைக்கும்போது எண்ணியது போலவே தலைகளை மீண்டும் எண்ணுகிறார் உதவியாளர். கதவோரத்தில், பாய்ச் சுருளின் பின்னால், எவருக்கும் தெரியாமல் உறங்கிப்போன ஒரு குழந்தையை வைத்துப் பூட்டிவிட்டுச் செல்லும் பிழை இந்த எண்ணிக்கையில்தான் தடுக்கப்படுகிறது. வருகைப் பதிவேட்டில் உணவுக்கு இடமுண்டு, முட்டைக்கு இடமுண்டு, எடைக்கு இடமுண்டு. உறக்கத்திற்கு இடமில்லை. ஆனால் கூடையை வாசலில் இறக்கிவைத்துவிட்டு வரும் தாய் பெரும்பாலும் முதலில் கேட்பது அதைத்தான்.

“மத்தியானம் தூங்கினானா, டீச்சர்?”

“ஒரு மணி நேரம் நல்லாத் தூங்கினான், அக்கா. நடுவுல ரெண்டு மூணு தடவை இருமினான். மூச்சு கொஞ்சம் இரைஞ்சாப்பல இருந்தது. போற வழியில நர்ஸம்மாகிட்டக் காட்டிட்டுப் போங்க.”

தாய் குழந்தையின் மார்பில் கைவைத்துப் பார்க்கிறார். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பாமல், துணை சுகாதார நிலையம் இருக்கும் தெருவை நோக்கி நடக்கிறார்.